தலைக்கு மேல் செய்மதி, காதில் வெறும் இரைச்சல்: கொழும்பு மொட்டைமாடிக்கான பிழை நீக்கும் வழிமுறை

கொழும்பில் குட்டிச் செய்மதிகளின் ரேடியோ ஒலிபரப்பைக் கேட்கத் தொடங்குகிறவர்கள் கொண்டுவரும் முறைப்பாடுகள் மிஞ்சிப்போனால் ஏழெட்டு வகைதான். கொட்டாஞ்சேனை மொட்டைமாடியாக இருந்தாலும் வெள்ளவத்தைத் தொடர்மாடி பல்கனியாக இருந்தாலும் கோளாறு அதே கோளாறு. அதனால் அறிகுறி வாரியாக எழுதிவைக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், பர்ஸைத் திறக்கவேண்டியது கடைசியில் வரும்.

தொடங்குமுன் ஒரு விஷயம். ஒரு யூனிட் கியூப்சற் என்பது பக்கத்துக்கு 10 சென்ரிமீற்றர் கொண்ட கனச்சதுரம். நிறை ஒரு கிலோவுக்குச் சற்று மேலே. அதன் சோலார் தகடுகள் தருவது இரண்டு வாட் அளவில்தான். அதற்குள் கணினியும் ஓடவேண்டும், பற்றரியும் ஏறவேண்டும், மிச்சத்தில்தான் ஒலிபரப்பு. எஸ்.ஓ-50 அதைவிடக் கொஞ்சம் பெரிய செய்மதி. 2002 டிசம்பரில் ஏவப்பட்ட அது வெறும் கால் வாட்டில் பேசுகிறது. 500 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதி அடிவானத்தில் எழும்போது உங்களிடமிருந்து கிட்டத்தட்ட 2,570 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும். தலைக்கு மேல் வரும்போது கிடைக்கும் சக்தியில் இருபத்தாறில் ஒரு பங்குதான் அப்போது உங்கள் அன்டெனாவுக்கு வரும். எனவே கடையில் வாங்கிய சாமானைச் சந்தேகிக்குமுன் செய்மதியைச் சந்தேகியுங்கள், அடுத்தபடியாக நேரத்தை. எல்.என்.ஏ (மெலிந்த சிக்னலைப் பெருக்கும் கருவி), புது அன்டெனா எல்லாம் வரிசையின் கடைசியில்.

## அறிகுறி: ஒன்றுமே கேட்கவில்லை

### செய்மதி உயிரோடு இருக்கிறதா?

"அண்ணா, ராவணா-1 எந்த ஃப்ரீக்குவன்சி?" என்று பாடசாலைப் பிள்ளைகள் இன்னும் கேட்கிறார்கள். மொறட்டுவை கட்டுபெத்தையில் உள்ள ஆர்தர் சி. கிளார்க் நிறுவகத்தைச் சேர்ந்த இளம் பொறியியலாளர்கள் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டிய இலங்கையின் முதல் கியூப்சற் அது. 2019 ஏப்ரலில் ஏவி, ஜூன் மாதம் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே விட்டார்கள். அந்த உயரத்திலிருந்து விடப்படும் குட்டிகளை மெல்லிய வளிமண்டலமே மெதுவாக இழுத்துக் கீழே கொண்டுவந்துவிடும், சில வருடத்துக்கு மேல் தாங்காது. ராவணா-1 உம் 2021இல் எரிந்து முடிந்தது. ஆனால் பழைய ஃப்ரீக்குவன்சிப் பட்டியல்களில் பெயர் அப்படியே கிடக்கிறது.

அதனால் எதைக் கேட்கப் போகிறீர்களோ அதை நேற்றோ இன்றோ வேறு யாராவது கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். செய்மதி ரேடியோ ஆர்வலர்களின் அம்சற் அமைப்பு நடத்தும் செய்மதி நிலைப் பக்கத்தில் உலகம் முழுக்க உள்ளவர்கள் கட்டம் கட்டமாக நிறம் போட்டு வைத்திருப்பார்கள். சற்நொக்ஸ் வலையமைப்பில் தானியங்கி நிலையங்கள் பதிந்த நீர்வீழ்ச்சிப் படமே (எந்த நேரத்தில் எந்த ஃப்ரீக்குவன்சியில் சிக்னல் இருந்தது என்று காட்டும் படம்) கிடைக்கும். அங்கே ஒரு வாரமாக வெறுமையென்றால் உங்கள் மொட்டைமாடியிலும் வெறுமைதான், வேறொன்றைத் தெரிவுசெய்யுங்கள்.

விண்வெளி நிலையத்தின் ரேடியோவும் எப்போதும் இயங்காது. வீரர்கள் வெளியே நடக்கும்போதும் கலங்கள் வந்து இணையும்போதும் நிறுத்திவைப்பார்கள். சில நாள் 145.825 மெகாஹேர்ட்ஸில் பக்கெற் (துண்டு துண்டாக வரும் தரவு) ஓடும், சில நாள் 437.800இல் குரல் ரிப்பீற்றர் (கேட்ட குரலைத் திருப்பி அனுப்பும் கருவி) ஓடும். ஒன்றில் இல்லையென்றால் மற்றதைப் பாருங்கள்.

### நேரமும் இடமும் சரியா?

செய்மதி எங்கள் வானத்தைக் கடந்து போவதுதான் பாஸ். பல தளங்கள் பாஸ் நேரத்தை யூ.ரி.சி.யில் காட்டும். எங்களுக்கு ஐந்தரை மணித்தியாலம் கூட்டவேண்டும். இந்த அரை மணித்தியாலத்தை மறந்துவிட்டு ஐந்து மட்டும் கூட்டியவர், செய்மதி வருமுன்பே வெறும் வானத்துக்கு அன்டெனாவைக் காட்டிக் கை நொந்து இறங்கிப் போயிருப்பார். செயலியில் இடம் கொழும்பாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கிரிட் (ரேடியோக்காரர் பாவிக்கும் இடக் குறியீடு) கேட்டால் எம்.ஜே.96. லப்டொப்பின் கடிகாரம் ஒரு நிமிடம் பிசகினாலே, தலைக்கு மேலே போகும் பாஸில் அன்டெனா தவறான பக்கம் பார்க்கும்.

### ஸ்குவெல்ச் திறந்திருக்கிறதா?

கையடக்க செற் வைத்திருப்போரில் கணிசமானோருக்குக் கோளாறு இங்கேயே முடிந்துவிடும். ஸ்குவெல்ச் (சிக்னல் பலமாக இல்லாதபோது சத்தத்தை மறிக்கும் அமைப்பு) மூன்றிலோ ஐந்திலோ இருந்தால் மெலிந்த சிக்னல் கதவைத் திறக்கவே திறக்காது. பூச்சியத்தில் வையுங்கள். பாஸ் முழுவதும் இரைச்சல் கேட்கத்தான் வேண்டும். அந்த இரைச்சல் அமுங்குவதுதான் செய்மதி வந்துவிட்டது என்பதற்கான முதல் அடையாளம்.

இன்னொன்று: எஃப்.எம். மட்டும் உள்ள செற்றில் மோர்ஸ் பீக்கன் (செய்மதி தானாக அனுப்பும் அடையாளச் சிக்னல்) 'பீப்' என்று கேட்காது. இரைச்சல் விட்டு விட்டு அமுங்குவதுபோல்தான் இருக்கும். ஆர்.எஸ்-44 போன்ற செய்மதிகள் எஸ்.எஸ்.பி. (எஃப்.எம். அல்லாத இன்னொரு ஒலிபரப்பு முறை) உலகத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்கு டொங்கிளோ (கணினியின் யூ.எஸ்.பி.யில் செருகும் சின்ன ரிசீவர்) எஸ்.எஸ்.பி. உள்ள ரிசீவரோ வேண்டும்.

### பாதைத் தரவு பழசா?

ரி.எல்.ஈ. என்ற இரு வரித் தரவைச் செயலி எப்போது இறக்கியது என்று பாருங்கள். தாழ்ந்த செய்மதிக்கு இரண்டு வாரத்துக்கு மேல் பழைய தரவை நம்பவேண்டாம். விண்வெளி நிலையம் அடிக்கடி உயரம் கூட்டிக்கொள்வதால் அதற்கு இன்னும் புதிதாக வேண்டும்.

புதிதாக ஏவியதைத் தேடுகிறீர்களென்றால் சிக்கல் வேறு. ஒரே ரொக்கெற்றில் கூட்டமாக விடுகிறார்கள். 2017 பெப்ரவரியில் இந்தியாவின் பி.எஸ்.எல்.வி-சி37 ஒரே தடவையில் 104 செய்மதிகளை விட்டது. முதல் நாட்களில் எது எவருடையது என்று ராடாருக்கே தெரியாது, ஒப்ஜெக்ட் ஏ, பி, சி என்றுதான் பெயர் இருக்கும். அப்போது முன்னும் பின்னும் சில நிமிடம் சேர்த்துப் பதிவுபண்ணிவிட்டு, பிறகு ஆறுதலாகத் தேடுங்கள்.

### வானம் தெரிகிறதா?

காலி வீதிக்குக் கடல் பக்கத் தொடர்மாடியில் பல்கனி மேற்கைப் பார்க்கும். கிழக்கில் எழும் பாஸின் முதல் பாதி கொங்கிறீட்டுக்குள் போய்விடும். கட்டடத்துக்குள் நின்று கேட்க முயல்வது வீண் வேலை. உச்ச உயரம் 30 டிகிரிக்கு மேல் போகும் பாஸ்களை மட்டும் எடுங்கள். துருவத்தைச் சுற்றும் செய்மதிகள் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு நோர்வேக்காரருக்குக் கிடைப்பதுபோல் அடிக்கடி கிடைக்காது. காலையில் ஒன்றிரண்டு, இரவில் ஒன்றிரண்டு, அதில் பாதி தாழ்ந்தது.

அதற்கு ஈடாக எங்களுக்கு ஐ.ஓ-86 இருக்கிறது. இந்தோனேசியாவின் லாபான்-ஏ2 செய்மதி அது. 2015 செப்ரெம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது, சுமார் 650 கிலோமீற்றர் உயரம், சாய்வு 6 டிகிரி. 78 கிலோ இருப்பதால் குட்டி என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் பழகுவதற்கு இதைவிட நல்லது கொழும்புக்கு இல்லை. ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மேற்கில் எழுந்து கிழக்கில் விழும். நாங்கள் கிட்டத்தட்ட 7 டிகிரி வடக்கில் இருப்பதால் எப்போதும் தெற்குப் பக்கமாகவே போகும், மோசமான பாஸ்கூட 15 டிகிரிக்குக் கீழே போகாது. தெற்கு வானம் திறந்த மாடி கிடைத்தால் விடாதீர்கள். கேட்கும் இடம் 435.880. ரிப்பீற்றரை அட்டவணைப்படிதான் திறப்பார்கள். மூடியிருக்கும் பாஸில் அமைதியாக இருந்தால் அது கோளாறில்லை.

### அன்டெனாவைக் கழற்றிப் பாருங்கள்

மேலே உள்ள எல்லாம் சரியென்றால் இந்தச் சோதனை. டொங்கிளை இயக்கி 436 மெகாஹேர்ட்ஸில் இரைச்சல் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே அன்டெனாக் கேபிளைக் கழற்றுங்கள்.

இரைச்சல் இறங்குகிறது என்றால் அன்டெனாவும் கேபிளும் ஏதோ கொண்டுவருகின்றன. கோளாறு ஃப்ரீக்குவன்சியிலோ கொழும்பு இரைச்சலிலோ இருக்கிறது. கீழே 'திரை முழுக்க இரைச்சல்' பகுதிக்குப் போங்கள்.

கொஞ்சமும் மாறவில்லை என்றால் முதலில் கெயினை (டொங்கிள் சிக்னலைப் பெருக்கும் அளவு) கூட்டி மறுபடி பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால் கேபிள், கொனெக்டர், அன்டெனா, டொங்கிள் என்ற வரிசையில் போங்கள். நீளக் கேபிளை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு பக்கமும் 16 சென்ரிமீற்றர் கம்பி வைத்த சின்ன டைபோலை டொங்கிளின் வாயிலேயே மாட்டிப் பாருங்கள். அதில் உயிர் வந்தால் குற்றவாளி கேபிள். ஆர்.ஜி-58 இல் 10 மீற்றர் ஓட்டினாலே 435 மெகாஹேர்ட்ஸில் பாதிச் சக்திக்கு மேல் போய்விடும். டொங்கிளோடு இலவசமாக வரும் மெல்லிய கேபிள் இன்னும் மோசம். கேட்பதற்கு மட்டுமென்றால் ரி.வி.க்குப் போடும் ஆர்.ஜி-6 தாராளமாகப் போதும். 75 ஓம் என்று பயப்படவேண்டாம், அதனால் வரும் இழப்பு மிகச் சிறியது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மீற்றர் கணக்கில் வெட்டித் தருவார்கள்.

மலிவு டொங்கிளின் ஸ்படிகம் 50 பி.பி.எம். (பத்து இலட்சத்தில் 50 பங்கு) பிசகினால் 437 மெகாஹேர்ட்ஸில் 22 கிலோஹேர்ட்ஸ் தள்ளி நிற்பீர்கள். செய்மதி பக்கத்தில் கத்திக்கொண்டிருக்கும், நீங்கள் வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இருபது நிமிடம் சூடேறவிட்டு, தெரிந்த ஒரு பீக்கனைப் பாஸின் நடுவில் அளந்து திருத்துங்கள். செய்மதி மிக அருகில் வரும் அந்தக் கணத்தில் டொப்ளர் (செய்மதியின் வேகத்தால் ஃப்ரீக்குவன்சி நகர்வது) பூச்சியம், பட்டியலில் உள்ள எண்ணும் திரையில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். ஆர்.எஸ்-44 இன் 435.605 பீக்கன் இதற்குத் தோதானது. டி.சி.எக்ஸ்.ஓ. (சூட்டுக்குப் பிசகாத ஸ்படிகம்) உள்ள டொங்கிள் வாங்கினால் இந்தத் தலையிடியே இல்லை.

டைபோலிலும் டொங்கிளிலும் உயிர் இல்லை, இன்னொரு டொங்கிளில் உயிர் இருக்கிறது என்றால் உங்களுடையது செத்துவிட்டது. திருத்துவதற்குக் கொடுக்கும் கூலி புதிதின் விலையைத் தொட்டுவிடும்.

## அறிகுறி: விட்டு விட்டுக் கேட்கிறது

முதலில் மணிக்கட்டைத் திருப்புங்கள். கையில் யாகி (ஒரு திசையை மட்டும் பார்க்கும் பல கம்பி அன்டெனா) இருந்தால் செய்மதியையே பார்த்தபடி அன்டெனாவை 90 டிகிரி உருட்டுங்கள்.

### உருட்டினால் கூடுகிறது

முனைவாக்கம் (அலை அதிரும் திசை) பொருந்தவில்லை, அவ்வளவுதான். பாஸ் முழுவதும் மெதுவாக உருட்டிக்கொண்டே இருங்கள். காது பழகிவிட்டால் கை தானாகச் செய்யும். நிரந்தர அன்டெனாவென்றால் டேர்ன்ஸ்டைல் போன்ற வட்ட முனைவு அன்டெனாவுக்கு மாறலாம்.

### உருட்டினாலும் ஒரே தாளத்தில் மங்கி மங்கி வருகிறது

செய்மதி கரணமடித்துக்கொண்டு போகிறது. அநேக ஒரு யூனிட் கியூப்சற்களில் திசை நிறுத்தும் எந்திரம் இருப்பதில்லை. உள்ளே ஒரு காந்தம் இருந்தால் அதிகம். நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. காசைச் செலவழிக்கவேண்டாம்.

### தலைக்கு மேல் வரும்போதுதான் காணாமல் போகிறது

கையடக்க செற்றின் நேர்க் கம்பியைச் செய்மதிக்கு நேரே குத்திக் காட்டுகிறீர்கள். அந்தக் கம்பியின் நுனித் திசையில்தான் அது செவிடு. செய்மதி மேலே இருக்கும்போது செற்றைப் படுக்க வையுங்கள், கம்பியின் பக்கவாட்டு செய்மதியைப் பார்க்கட்டும். கூரையில் நட்டுவைத்த நீள வேர்ட்டிக்கலுக்கும் இதே குறை. அடிவானத்தில் நன்றாகக் கேட்டு உச்சியில் விட்டுவிடும்.

## அறிகுறி: குரல் வருகிறது, கரகரத்துக் கரகரத்து நழுவிப் போகிறது

டொப்ளர். வரும்போது ஃப்ரீக்குவன்சி மேலே நிற்கும், போகும்போது கீழே. 145 மெகாஹேர்ட்ஸில் இரு பக்கமும் மூன்றரைக் கிலோஹேர்ட்ஸுக்குள் அடங்குவதால் எஃப்.எம். செற்றைத் தொடவே தேவையில்லை. 436இல் இரு பக்கமும் பத்துக் கிலோஹேர்ட்ஸ் போகும், தொட்டேயாக வேண்டும். எஸ்.ஓ-50க்கு ஐந்து மெமறி போடுங்கள்: 436.805, 436.800, 436.795, 436.790, 436.785. எழும்போது முதலாவது, குரல் கரகரக்கத் தொடங்கியதும் அடுத்தது. நடு மூன்றும் பாஸின் நடுவில் மளமளவென்று மாறும், இரண்டு ஓரங்களிலும் ஆறுதலாக நிற்கும்.

கணினியில் கேட்பவர்கள் ஜிபிரடிக்ட் போன்ற பாஸ் கணிக்கும் மென்பொருளை ரிசீவர் மென்பொருளோடு இணைத்தால் அதுவே திருத்திக்கொள்ளும். இணைத்த பிறகும் எதிர்ப்பக்கமாக ஓடுகிறதென்றால் திருத்தம் இரண்டு இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக நடக்கிறது. ஒன்றை நிறுத்துங்கள்.

## அறிகுறி: திரையில் சிக்னல் தெரிகிறது, தரவு வரவில்லை

நீர்வீழ்ச்சியில் கோடு அழகாக வளைந்து போகும், டிகோடர் (சிக்னலைத் தரவாக மாற்றும் மென்பொருள்) வாயைத் திறக்காது. ஆட்களுக்குக் கோபம் வரும் இடம் இதுதான்.

பண்பேற்ற முறை (தரவை அலையில் ஏற்றும் விதம்) சரியா என்பது முதல் கேள்வி. 1200 ஏ.எஃப்.எஸ்.கே, 1200 பி.பி.எஸ்.கே, 9600 ஜி.எம்.எஸ்.கே, எல்லாமே திரையில் ஒன்றுபோல் தெரியலாம். பி.பி.எஸ்.கே.யை எஃப்.எம்.இல் கேட்டால் ஒரு நாளும் வராது, எஸ்.எஸ்.பி.யில் வையுங்கள். 9600ஐ ஸ்பீக்கர் வழியாக வரும் ஒலியில் எதிர்பார்க்கவேண்டாம். அந்த வழியில் உள்ள வடிகட்டிகள் அதை அரைத்துவிடும். டொங்கிளிலிருந்து நேராக டிகோடருக்குக் கொடுங்கள், எஃப்.எம். அகலத்தை 20 கிலோஹேர்ட்ஸ் பக்கம் வையுங்கள். ஒலி மட்டம் சிவப்பைத் தொட்டால் குறையுங்கள். 'சத்தம் கூடினால் நல்லது' என்ற நினைப்புத்தான் நிறையப் பக்கெற்றுகளைக் கொல்கிறது.

எல்லாம் சரியென்றாலும் பக்கெற் விழாமல் இருக்கலாம். ஏ.எக்ஸ்.25 முறையில் ஒரு பிற் பிழைத்தாலே முழுப் பக்கெற்றையும் டிகோடர் குப்பையில் போட்டுவிடும். காதுக்கு அருமையாகக் கேட்பது கணினிக்குப் போதாது. உயரமான பாஸ் வரும்வரை காத்திருங்கள். அல்லது பதிவை வைத்துக்கொண்டு ஜி.ஆர்-சற்றலைட்ஸ் போன்ற வேறொரு டிகோடரில் ஓட்டிப் பாருங்கள். செய்மதி பேசும் மொழியை அதன் குழு வெளியிடாமலே விட்டிருந்தால் உங்கள் செற்றில் பிழை தேடிப் பயனில்லை.

'படம் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது?' என்றும் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 9600 பிற் வேகத்தில் பத்து நிமிடப் பாஸ் முழுவதும் ஒரு சொட்டுச் சிந்தாமல் வந்தாலும் 720 கிலோபைற். 1200 என்றால் 90 கிலோபைற். உங்கள் ஃபோன் எடுக்கும் மூன்று மெகாபைற் படம் ஒன்றை இறக்க நாலைந்து நல்ல பாஸ் வேண்டும், அதுவும் பற்றரி தாங்கினால். அதனால்தான் பெரும்பாலான குட்டிகள் வெப்பநிலை, மின்னழுத்தம், சுழற்சி என்று நாலு எண்ணைச் சொல்லிவிட்டு அடங்கிவிடுகின்றன.

எஸ்.எஸ்.ரி.வி. முறையில் ஒலியாக வரும் படம் சாய்ந்து வந்தால் ஒலிக் கார்ட்டின் கடிகாரம் பிசகுகிறது. டிகோடரில் சாய்வு திருத்தம் இருக்கும், ஒருமுறை செய்தால் போதும். விண்வெளி நிலையத்தின் பி.டி.120 படம் ஒன்றுக்கு இரண்டு நிமிடம் பிடிக்கும், பிறகு இடைவெளி விடும். ஒரு பாஸில் இரண்டு முழுப் படம் கிடைத்தால் நன்றாகவே செய்திருக்கிறீர்கள். மேலும் கீழும் பாதி படம் வருவது கோளாறில்லை.

லோரா என்ற குறைசக்தி ரேடியோப் பலகை வைத்து, டைனி ஜி.எஸ். வலையமைப்புக்குத் தானாகக் கேட்டு அனுப்பும் நிலையம் போட்டவர்களுக்கு: நாட்கணக்கில் ஒன்றும் வரவில்லையென்றால் பலகையோடு வந்த சுருள் அன்டெனாவைத் தூக்கி எறியுங்கள். 433க்கு என்று எழுதியிருந்தாலும் அது அநேகமாக வேறெதற்கோ வெட்டியது.

## அறிகுறி: பகலில் பேசுகிறது, இருட்டில் ஊமை

பற்றரி செத்த செய்மதி. 1974 நவம்பரில் போன ஏ.ஓ-7 இப்படித்தான். 1981இல் அடங்கி, 2002இல் சூரிய ஒளியில் மட்டும் இயங்கத் தொடங்கியது. ஏ.ஓ-91இன் பற்றரியும் நலிந்தபின் நிழலில் பாவிக்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். உங்களுக்கு இருட்டா என்பதில் காரியமில்லை, செய்மதி பூமியின் நிழலில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. செயலியில் அது காட்டும். நிழலில் இருந்தால் படுத்துத் தூங்கலாம்.

## அறிகுறி: திரை முழுக்க இரைச்சல், செய்மதி மூழ்கிப்போகிறது

### கெயினைக் குறைத்தால் தெளிகிறது

கொழும்பின் எஃப்.எம். வானொலிகள் டொங்கிளை நிரப்பிவிட்டன. கெயினை உச்சத்தில் வைக்கும் பழக்கத்தை விடுங்கள். இரைச்சல் மட்டம் சற்றே உயரும் இடம்வரை கூட்டி அங்கேயே நிறுத்துங்கள். அதற்குப் பிறகும் இல்லாத இடத்தில் பாட்டுக் கேட்டால் 88 முதல் 108வரை மறிக்கும் ஃபில்ரர் ஒன்று வாங்கலாம். இந்த அறிகுறிக்கு நான் காசு செலவழிக்கச் சொல்லும் முதல் சாமான் அதுதான்.

### குறைத்தாலும் போகவில்லை

லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓடவிடுங்கள். குறைந்தால் கதை முடிந்தது. குறையாவிட்டால் வீட்டின் பிரதான சுவிச்சை ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். வீட்டாரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், சீரியல் நேரத்தில் வேண்டாம். இரைச்சல் விழுந்தால் ஒவ்வொரு பிரேக்கராகப் போட்டு எது என்று பிடிக்கலாம். மலிவு எல்.ஈ.டி. பல்ப், சீ.சீ.ரி.வி. பெட்டியின் மின்வழங்கி, சோலார் இன்வேர்ட்டர், இவைதான் வழக்கமான கைதிகள். சோலார் இன்வேர்ட்டரென்றால் சூரியன் விழுந்ததும் இரைச்சல் தானாக விழும். மாலைப் பாஸைத் தெரிவுசெய்தால் ஒரு சதமும் செலவில்லை.

உங்கள் வீடு இருண்ட பிறகும் இரைச்சல் நின்றால் அது அயலாருடையது. 2022இல் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த நாட்களில், ஜெனரேற்றர் இல்லாத ஒழுங்கைகளில் 145 மெகாஹேர்ட்ஸ் எவ்வளவு துப்புரவாக இருந்ததென்று கேட்டவர்களுக்குத் தெரியும். மின் வந்ததும் இரைச்சலும் கூடவே வந்து குந்திவிடும். மேல்வீட்டு அங்கிளின் கமராப் பெட்டி என்று கண்டுபிடித்தால் சண்டைக்குப் போகாமல், நல்ல மின்வழங்கி ஒன்றை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். புது அன்டெனாவைவிட அது மலிவு.

433.92 பக்கத்தில் பட் பட்டென்று வெடிப்பது கேற் ரிமோட்டுகளும் கார்ச் சாவிகளும். தொடர்மாடி வாகனத் தரிப்பிடத்தின் மேல் நின்று கேட்டால் தப்ப முடியாது, ஃபில்ரரும் இவ்வளவு கிட்டத்தில் உதவாது. இடத்தை மாற்றுங்கள்.

எதிலும் அடங்காத, நாள் முழுக்க நிற்கும் பலத்த இரைச்சல் உரிமம் பெற்ற நிலையத்தைக் கெடுக்கிறதென்றால் பதிவுகளோடு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். அதுவரை உங்கள் மின்கம்பிகளை நீங்களே பிரித்துப் பார்க்கவேண்டாம், எலெக்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

### எல்.என்.ஏ. போட்ட பிறகுதான் மோசமானது

அதற்கு மின் போகிறதா? கேபிள் வழியாக மின் அனுப்பும் பயஸ்-ரீயை மென்பொருளில் இயக்காவிட்டால் எல்.என்.ஏ. ஒரு சுவர்தான். மின் போகிறதென்றால் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அன்டெனாவின் அடியில் இருக்கவேண்டும். டொங்கிளுக்குப் பக்கத்தில் வைத்தால் கேபிள் தின்ற மிச்சத்தையும் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கித் தரும். எல்.என்.ஏ. இல்லாமல் பயஸ்-ரீயை இயக்காதீர்கள். மடித்த டைபோல் போன்ற அன்டெனாக்கள் நேர்மின்னோட்டத்துக்குக் குறுக்குச் சுற்றாக இருக்கும்.

## அறிகுறி: நன்றாக இருந்தது, மழைக்குப் பிறகு மங்கிவிட்டது

கேபிளுக்குள் தண்ணீர். கடலோரமென்றால் உப்பும் சேர்ந்து. அன்டெனாப் பக்கக் கொனெக்டரைக் கழற்றி, உறையை இரண்டு விரற்கடை சீவிப் பாருங்கள். பின்னல் கம்பி பளபளக்கவேண்டும். கறுத்திருந்தால், விரலில் பச்சைத் தூள் ஒட்டினால், நீர் உள்ளே ஏறிவிட்டது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் பின்னல் தண்ணீரை மீற்றர் கணக்கில் இழுக்கும். பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். ஒரு மீற்றர் வெட்டியும் கறுப்பு முடியவில்லையென்றால் முழுக் கேபிளையும் மாற்றுவதுதான் மலிவு.

புதிதாகப் பூட்டும்போது தன்னோடு தானே ஒட்டும் இறப்பர் ரேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் சாதாரண ரேப்பைச் சுற்றுங்கள். சாதாரண ரேப் மட்டும் போட்டால் கொழும்பு வெயிலில் பசை உருகி ஒரு பருவத்தில் அவிழ்ந்துவிடும். கேபிள் வீட்டுக்குள் நுழையுமுன் கீழே ஒரு வளைவு தொங்கட்டும், தண்ணீர் அதில் சொட்டிப் போகும்.

கேபிளும் கொனெக்டரும் துப்புரவு, ஆனாலும் மங்கல் என்றால் நனோ வி.என்.ஏ. (அன்டெனாவை அளக்கும் சின்னக் கருவி) வைத்திருப்பவரைத் தேடுங்கள். பத்து நிமிட வேலை. அளக்காமல் புது அன்டெனா வாங்குவது காசைக் கடலில் போடுவது. கூரை விளிம்பில் கம்பம் நடுவது, நிலத்தொடுப்பு, இடிதாங்கி, இவை மூன்றையும் நீங்கள் செய்யவேண்டாம், தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் பின்னேர இடி கொழும்பில் விளையாட்டில்லை. வானம் கறுத்தால் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போடுங்கள், எவ்வளவு நல்ல பாஸ் வந்தாலும்.

## அறிகுறி: கேட்கிறது, நான் கூப்பிட்டால் பதில் இல்லை

உரிமம் இல்லாமல் அனுப்பும் பொத்தானை அழுத்துவது குற்றம். ஆணைக்குழுவின் பரீட்சையை எழுதி 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக்குறியைப் பெற்றபிறகு இந்தப் பகுதியை வாசியுங்கள். செற்றை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்குமுன் அனுமதி பற்றியும் அங்கேயே கேளுங்கள். கேட்பதோடு நிற்பவர்களுக்கு மேலே உள்ளதே போதும்.

### ரோன் போட்டிருக்கிறீர்களா?

ரோன் என்பது குரலோடு சேர்த்து அனுப்பும் தாழ்ந்த தொனி, அதைக் கேட்டால்தான் செய்மதி திறக்கும். எஸ்.ஓ-50க்கு 145.850இல் 67 ஹேர்ட்ஸ் ரோன். செய்மதி தூங்கிக்கொண்டிருந்தால் 74.4 ஹேர்ட்ஸ் ரோனோடு இரண்டு செக்கன் அழுத்தினால் பத்து நிமிடத்துக்கு விழித்திருக்கும். ஐ.ஓ-86க்கு 145.880இல் 88.5. விண்வெளி நிலைய ரிப்பீற்றருக்கு 145.990இல் 67. ரோனைச் செற்றின் அனுப்பும் பக்கத்தில் மட்டும் போடுங்கள். கேட்கும் பக்கத்திலும் போட்டால் செற் ஊமையாகிவிடும்.

### கூட்டமா?

எஃப்.எம். செய்மதி ஒரே நேரத்தில் ஒருவருக்குத்தான் காது கொடுக்கும், அதுவும் பலமானவருக்கு. ஐ.ஓ-86 கொழும்பையும் ஜகார்த்தாவையும் ஒரே பார்வைக்குள் வைத்திருக்கக்கூடியது, ஐந்து வாட் கைச்செற் அதற்குப் போதும். ஆனால் அந்தப் பார்வைக்குள் இந்தியாவும் தாய்லாந்தும் சேர்ந்தே இருக்கின்றன. சனி ஞாயிறில் அடிபடாமல் வாரநாள் பாஸில் முயலுங்கள். அழைப்புக்குறியையும் கிரிட்டையும் ஒரே மூச்சில் சொல்லி விட்டுவிடுங்கள், 'ஹலோ ஹலோ, கேட்கிறதா' வேண்டாம்.

### அழுத்தும்போது உங்கள் காதே அடைக்கிறதா?

145.850இன் மூன்று மடங்கு 437.550. நீங்கள் கேட்கும் இடத்துக்கு அருகிலேயே உங்கள் செற்றின் மூன்றாம் ஹார்மோனிக் விழுகிறது. அதனால் நீங்கள் பேசும்போது கேட்கும் செற் மூச்சடைத்துப்போகும், செய்மதி உங்களைத் திருப்பிச் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. சக்தியைக் குறையுங்கள். அனுப்பும் செற்றையும் கேட்கும் செற்றையும் சில மீற்றர் பிரித்து வையுங்கள், கேட்கும் அன்டெனாவைக் குறுக்காகத் திருப்புங்கள். ஒரே யாகியில் இரண்டையும் பூட்டியிருந்தால் டிப்ளெக்சர் (இரண்டு ஃப்ரீக்குவன்சிகளையும் பிரித்துவிடும் பெட்டி) இல்லாமல் நடக்காது, அதைச் செலவென்று பார்க்காதீர்கள்.

இதையும் செய்து பதில் இல்லையென்றால் இரண்டு செற்றையும் எடுத்துக்கொண்டு அழைப்புக்குறி உள்ள ஒருவரின் மொட்டைமாடிக்குப் போய் அவருடைய அன்டெனாவில் ஒரு பாஸ் முயலுங்கள். அங்கே செய்மதி உங்கள் குரலைத் திருப்பிச் சொன்னால் கோளாறு உங்கள் அன்டெனாவிலோ கேபிளிலோ. அங்கேயும் ஊமையென்றால் செற்றின் அனுப்பும் சக்தியை வாட் மீற்றரில் அளக்கச் சொல்லி, ரேடியோ திருத்தும் ஆளிடம் கொடுங்கள்.